எப்போதும் காலியாகக் கிடக்கும் வெள்ளத் தடுப்பணை: தண்ணீர் தேக்கலாமா? கரையடியில் ஈரம் ஆபத்தா?

ஓடைக்கரை:
9 மீட்டர் உயர மண் அணை. கரைக்கு அடியில் போகும் வடிகுழாய்க்குக் கதவே இல்லை, எப்போதும் திறந்தே இருக்கும். ஆண்டில் பெரும்பகுதி உள்ளே சொட்டுத் தண்ணீர் கிடையாது. குழாயை அடைத்துப் பாதியாவது தேக்கினால் பாசனத்துக்கு ஆகுமே என்று ஒரு பேச்சு ஓடுகிறது. இன்னொன்று: மழைக்குப் பின் வெளிச்சரிவின் அடியில், குழாய் வாய்க்குப் பக்கத்தில் ஈரம் கசிகிறது. கரைமேல் மரங்களும் வளர்ந்துவிட்டன. இதில் எதற்குப் பயப்பட வேண்டும்?

மதகடி:
காலியாக இருப்பதுதான் அந்த அணையின் வேலை. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். வெள்ளம் நொடிக்கு 40 கன மீட்டர் வருகிறது, கீழே ஓடை தாங்குவது 5 என்று வைத்துக்கொள்வோம். மீதி 35 உள்ளே தேங்க வேண்டும். 20 ஹெக்டேரில் சராசரி 2 மீட்டர் ஆழம் என்றால் கொள்ளளவு 4 லட்சம் கன மீட்டர். 3 மணி நேரத்துக்குச் சற்று மேல் தாங்கும். பாதியை முன்பே நிரப்பி வைத்தால் ஒன்றரை மணி நேரம்தான். அதற்குப் பிறகு வருவதெல்லாம் கலிங்கு (நிரம்பிய அணையின் மிகைநீர் வழியும் வாய்) வழியே ஊருக்குள் போகும்.

மழை விட்டதும் நொடிக்கு 5 வீதம் வடிந்தால் முழு அணையும் காலியாக 22 மணி நேரம். அடுத்த மழைக்கு இடம் தயார். ஓரிரு நாள் நனைவதற்கென்று கட்டிய கரையில் மாதக்கணக்கில் நீர் நின்றால் உடல் முழுக்க ஊறிப்போகும் என்பதையும் மறக்கக் கூடாது.

கசிவுமானி:
எனக்குக் கவலை தருவது அந்த ஈரம்தான், அதுவும் குழாய்க்குப் பக்கத்தில் என்பதால். உருண்டைக் குழாயின் அடிவயிற்றில் மண்ணை இறுக்குவது கடினம். அந்த இடைவெளியில் நீர் ஓடி, மண்ணைத் துகள் துகளாக வெளியே இழுக்கும். வெளியே ஒன்றும் தெரியாமலே உள்ளே பொந்து வளரும்.

கசிவை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து ஒரு மணி நேரம் வையுங்கள். அடியில் வண்டல் படிந்தால் அன்றே அணைப் பொறியாளரைக் கூப்பிட வேண்டும். தெளிவாக இருந்தாலும் அளவைத் தொடர்ந்து குறியுங்கள். கசிவு ஓடும் வழியின் குறுக்கே 90 பாகை V வடிவ வெட்டுள்ள தகட்டை வைத்தால், வெட்டின் அடிமுனைக்கு மேல் நீர் 5 செ.மீ. நின்றால் நொடிக்கு ஏறத்தாழ 0.8 லிட்டர், 10 செ.மீ. என்றால் 4.4 லிட்டர். உயரம் இரட்டித்தால் ஓட்டம் ஐந்தரை மடங்கு, ஆகவே ஒரு செ.மீ. ஏற்றத்தையும் அலட்சியம் செய்யாதீர்கள். அணையில் நீர்மட்டம் எவ்வளவு இருந்தது என்பதையும் கூடவே எழுதுங்கள். மட்டம் ஏறாமல் கசிவு மட்டும் ஏறினால் அது கெட்ட அறிகுறி.

அமெரிக்காவின் டீட்டன் அணை 1976 ஜூன் 5 அன்று உள்ளே மண் அரித்துத்தான் போயிற்று. காலையில் கலங்கல் கசிவு தெரிந்தது, நண்பகலுக்குள் கரை உடைந்தது.

ஓடைக்கரை:
கலங்கலாகக் கொப்புளித்தால் களிமண்ணால் அடைத்துவிடலாமா?

கசிவுமானி:
கூடவே கூடாது. அடைத்தால் அழுத்தம் ஏறி வேறு இடத்தில் பீறிடும். நீர் வெளியேறட்டும், மண் மட்டும் வெளியேறக் கூடாது. ஊற்றின் மேல் முதலில் பருமணல், அதன்மேல் சிறு ஜல்லி, அதன்மேல் பெரிய கல். மணல் நிற்காத வேகம் என்றால் சுற்றிலும் மணல்மூட்டை வளையம் கட்டி உள்ளே நீரை உயர விடுங்கள், கலங்கல் தெளியும் அளவுக்கு மட்டும். இதெல்லாம் நேரம் வாங்கும் வேலை. கீழே குடியிருப்பவர்களை வெளியேற்றுவதை இதற்காகத் தள்ளிப்போடாதீர்கள்.

புல்கரை:
மரம் பற்றி யாரும் சொல்லவில்லை. வெட்டிவிட்டு வேரை விட்டால் அது மட்கி, கரைக்குள் குழாய் மாதிரி ஓட்டை மிஞ்சும். நாற்றாக இருக்கும்போதே பிடுங்க வேண்டும். பெரிய மரமானால் பொறியாளர் பார்வையில், அணை வறண்டிருக்கும் பருவத்தில், வேர்த்தூரைத் தோண்டி எடுத்து, 15 செ.மீ. அடுக்குகளாக அதே வகை மண் போட்டு இடித்து நிரப்புங்கள். மேலே புல் மட்டும் போதும். புல் குட்டையாக இருந்தால்தான் எலி வளையும் வெடிப்பும் கண்ணில் படும்.

கலிங்கையும் பாருங்கள். அதில் வேலி, புதர், மண்மேடு எதுவும் நிற்கக் கூடாது. குழாய் வாயின் கம்பித் தடுப்பில் சருகு அடைத்தாலே அணை வேகமாக நிரம்பும். கலிங்கும் அடைபட்டிருந்தால் நீர் கரை மேலேறி வழியும். மண் கரை அதைத் தாங்காது. 1979 ஆகஸ்டில் குஜராத்தின் மச்சு இரண்டாம் அணையில் மண் கரைகள் அடித்துச் செல்லப்பட்டது, கலிங்கின் திறனை மீறி வெள்ளம் வந்து கரைமேல் வழிந்ததால்தான். மழைக்காலத்துக்கு முன் ஒரு முறை, ஒவ்வொரு பெருமழைக்குப் பின்னும் ஒரு முறை கம்பித் தடுப்பைச் சுத்தம் செய்யுங்கள். நீர் இழுத்துக்கொண்டிருக்கும்போது யாரும் அதன் பக்கத்தில் இறங்கக் கூடாது.