டிப்ரஷன் மாத்திரையில மனசு தேறிடுச்சு, அசதி போகல. அமுக்கரா (அஸ்வகந்தா) எடுக்கலாமா?

மொட்டைமாடி காக்கா:
எட்டு மாசமா எஸ்சிட்டலோப்ராம் 10 எடுக்கறேன். அழுகை நின்னுடுச்சு, சாப்பிடறேன், ஆனா இந்த அசதி மட்டும் விடமாட்டேங்குது. காலைல குளிச்சிட்டு ஈரத்துண்ட கையில வச்சிக்கிட்டு கட்டில்ல உக்காந்தா அரைமணி நேரம் அப்படியே போயிடுது, கம்பெனி பஸ்ஸும் போயிடுது. மாமியார் அமுக்கரா சூரணம் வாங்கி வச்சிருக்காங்க, அவங்களும் ராத்திரி பால்ல போட்டு குடிக்கறாங்க, நீயும் குடின்னு ஒரே தொல்லை. மாத்திரையோட சேத்து எடுக்கலாமா?

சுக்குக்காப்பி:
நான் எடுத்தேன். தூக்கம் நல்லா வந்துச்சு, பொய் சொல்லல. ஆனா எனக்கு ராத்திரி குளோனசெபாமும் (பதட்டத்துக்கு குடுக்கற, தூக்கம் வரவைக்கற மாத்திரை) இருந்துச்சா, ரெண்டும் சேந்து மறுநாள் பதினோரு மணி வரைக்கும் தலையே தூக்க முடியல. அசதிக்கு குடிச்சது அசதியவே கூட்டிடுச்சு 😅 டாக்டர்கிட்ட சொன்னதும் நிறுத்த சொல்லிட்டார்.

பழைய பிஎஸ்எம்எஸ்:
சித்தா படிச்சவன், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன். அமுக்கரா சூரணத்துல கிராம்பு 1 பங்கு, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128ன்னு ரெட்டிச்சு ரெட்டிச்சு போகும், அதாவது பாதிக்கு மேல சர்க்கரைதான், சுகர் இருக்கறவங்க கண்ண மூடிக்கிட்டு எடுக்கக்கூடாது. அமுக்கரா நல்ல மருந்துதான், நானே குடுத்திருக்கேன், ஆனா தைராய்டு ஹார்மோன ஏத்திவிடலாம், அபூர்வமா சிலருக்கு ஈரல் பாதிச்சு மஞ்சள் காமாலை வந்திருக்கு, கர்ப்பமா இருந்தா வேண்டவே வேண்டாம். "மூலிகைதானே, என்ன பண்ணும்"னு சொல்றவங்கள பாத்தாதான் எனக்கு கோவம் வரும். சென்னைப் பக்கம்னா தாம்பரம் சானடோரியம் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்து ஓபிக்கு மாத்திரை சீட்டோட போங்க. எஸ்சிட்டலோப்ராம நீங்களா நிறுத்திடாதீங்க.

கடைசி பெஞ்ச்:
மொதல்ல ரத்தம் பாத்தீங்களா? எனக்கும் இதே கதை, டிப்ரஷன்லதான் இப்படின்னு நெனச்சு ஒரு வருஷம் ஓட்டினேன், பாத்தா ஹீமோகுளோபின் 8. டிஎஸ்எச் (தைராய்டு டெஸ்ட்), வைட்டமின் பி12 ரெண்டையும் சேத்து பாத்துடுங்க.

மொட்டைமாடி காக்கா:
ரத்தம் பாக்கவே இல்ல, நாளைக்கு வெறும் வயித்துல போறேன். அந்த சர்க்கரை கணக்க படிச்சிட்டு போய் டப்பா லேபிள பாத்தேன், அதேதான் போட்டிருக்கு. மாமியாருக்கு சுகர் இருக்குங்க. மூணு மாசமா ஏன் ஏறுதுன்னு நாங்க சோத்த கொறச்சிக்கிட்டு இருக்கோம்.