பொன் ஆசனத்தைத் துணியில் தைப்பது எப்படி?

ஊசிநூல்:
கானா நாட்டின் குமாசியில் இருக்கிறேன். 2024-இல் பிரிட்டனிலிருந்து இங்குள்ள அசாந்தே மக்களின் அரசப் பொருட்கள் 32, மூன்றாண்டுக் கடனாக மன்ஹியா அரண்மனை அருங்காட்சியகத்துக்கு வந்தன. பலவும் பிரிட்டிஷாருடன் நடந்த 1874 போரில் கொள்ளைபோனவை. மன்னரின் ஆன்மாவைத் தூய்மை செய்பவர் மார்பில் அணியும் வட்டப் பொன்தகட்டின் முன்னால் வெகுநேரம் நின்றேன். கடன் முடிந்தால் திரும்பிப் போய்விடுமே என்ற தவிப்பில், அந்தச் சின்னங்களை ஒட்டுத்துணி வேலையாகச் செய்யத் தொடங்கினேன். நடுவில் பொன் ஆசனம், அதில் மன்னர், சுற்றிலும், ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் உள்ள அதிங்க்ரா முத்திரைகள். பக்கத்து வீட்டுப் பாட்டி வரைபடத்தைப் பார்த்துவிட்டு, மன்னர் உருவத்தில் விரலை வைத்து, "இதை எடுத்துவிடு" என்றார். ஏன்? முத்திரைக்கு அக்ரிலிக் சாயம் போதுமா?

தறிமேடை:
பாட்டி சொன்னது சரி. பொன் ஆசனத்தில் யாரும் உட்காரக் கூடாது, அசாந்தே மன்னரான அசாந்தெஹெனேகூட. அசாந்தே மக்களின் உயிரே அதில் இருப்பதாக நம்பிக்கை. 1900-இல் பிரிட்டிஷ் ஆளுநர் ஹாட்ஜ்சன் தான் உட்கார அதைக் கேட்டதும், அரசித்தாய் யா அசாந்தேவா தலைமையில் போர் மூண்டது. ஆசனத்துக்கென்றே தனி இருக்கை உண்டு. அதன்மேல் சாய்த்துப் படுக்கவைப்பார்கள். அப்படியே தையுங்கள். அதில் தொங்கும் ஒலிமணிகளை விட்டுவிடாதீர்கள்.

பட்டைமை:
தங்கச்சி, அக்ரிலிக் வேண்டாம். அதிங்க்ரா துணிக்குப் பேர்போன என்டோன்சோ ஊரில் ஒரு பெரியவரிடம் சில மாதம் வேலை பழகினேன். 'படியே' என்னும் மரத்தின் பட்டையை ஊறவைத்து, உரலில் இடித்து, காய்ச்சி வடிகட்டி, பாகு பதம் வரும்வரை மறுபடியும் காய்ச்ச வேண்டும். பதம் தப்பினால் மை துணியில் பரவிவிடும். முதலில் சீப்பு போன்ற மர வாரியை மையில் தோய்த்துக் கோடுகள் இழுத்துக் கட்டம் பிரிப்பார்கள். பிறகுதான் சுரைக்குடுக்கை ஓட்டில் செதுக்கிய முத்திரை.

நான் ஒருமுறை, சுலபமாயிருக்கே என்று மூன்று வட்டங்கள் கொண்ட அதிங்க்ராஹெனேயைக் கரை முழுக்கக் குத்திவிட்டேன். முத்திரைகளுக்கெல்லாம் தலைவன் அது. "தலைவனைக் கொண்டுபோய் வேலிக்கு நிறுத்துவாயா?" என்று பெரியவர் துணியை மடித்து என் கையில் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து பொருள் கேட்காமல் ஒரு முத்திரைகூட வைத்ததில்லை. ஒரே வயிற்றோடு ஒட்டிய இரண்டு முதலைகள் உள்ள முத்திரையைப் பாருங்கள்: வயிறு ஒன்றுதான், இருந்தும் இரைக்குச் சண்டை. உங்கள் துணியில் அதற்கு என்ன வேலை என்று சொல்லத் தெரிந்தால் வையுங்கள். இந்த மை தண்ணீர் தாங்காது; சுவரில் மாட்டுவதற்குத்தானே, கவலை வேண்டாம்.

ஊசிநூல்:
நன்றி அண்ணா. மன்னர் உருவத்தைப் பிரித்தெடுத்துவிட்டேன். அந்த இடத்தில் ஊசித் துளைகள் தெரிகின்றன. அங்கேதான் ஆசனத்தின் மணிகள் வருகின்றன. முதலைகளைப் பற்றிப் பாட்டியிடம் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.