புல்தரைக்கு வரும் நாய்கள்: தடுக்க வேண்டியது யார்?

முன்வாசல்:
வீட்டு முன்னால் சின்னதாக ஒரு புல்தரை. இரண்டு வருஷம் பாடுபட்டு வளர்த்தது. களை பிடுங்கி, மண் கொட்டி, வழுக்கை விழுந்த இடத்தில் எல்லாம் கைப்பிடி கைப்பிடியாக நட்டேன். இப்போது அதில் ஏழு மஞ்சள் வட்டங்கள். நடுவில் வைக்கோல் மாதிரி காய்ந்திருக்கிறது, ஓரத்தைச் சுற்றி மட்டும் கரும்பச்சையாக ஒரு வளையம். பூஞ்சை நோய் என்று நினைத்து மருந்துகூடத் தெளித்தேன்.

நேற்றுக் காலை கதவைத் திறந்தபோதுதான் விஷயம் புரிந்தது. பக்கத்து வீட்டு நாய் எட்டாவது வட்டத்தைப் போட்டுக்கொண்டிருந்தது. கயிற்றைப் பிடித்தபடி அதன் சொந்தக்காரர் போனைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் வணக்கம் சொல்லிவிட்டு நடந்துவிட்டார். எனக்கு வாயே வரவில்லை.

மிளகாய்த்தூள் தூவு, நாப்தலின் உருண்டை போடு, நீலத் தண்ணீர் பாட்டில் வை என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

வால்நட்பு:
நான் இரண்டு நாய் வளர்க்கிறேன், அதனால் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நாய்க்கு உங்கள் நிலம், என் நிலம் என்ற கணக்குத் தெரியாது. நடைபாதையை ஒட்டி, தடுப்பே இல்லாமல் பச்சைப்புல் இருந்தால் அதன் மூக்கு அங்கேதான் போகும். இவ்வளவு ஆசையாக வளர்க்கிறீர்கள் என்றால் முழங்கால் உயரத்துக்காவது ஒரு வேலி போட்டிருக்க வேண்டும்.

ஒரே ஒரு வேண்டுகோள்: மிளகாய்த்தூள் வேண்டாம். யாரோ தூவியதை என் சின்ன நாய் மிதித்துவிட்டு வந்தது. பாதத்தை நக்கியது, அப்புறம் அதே காலால் கண்ணைத் தேய்த்தது. ராத்திரி முழுக்க முனகிக்கொண்டே கிடந்தது. ஈரத்துணியால் கண்ணைத் துடைத்துத் துடைத்து விடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

முன்வாசல்:
மிளகாய்த்தூளை இப்போதே கைவிட்டேன், அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் வேலி விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. நாய்க்கு எல்லை தெரியாது, சரி. கயிற்றைப் பிடித்திருக்கும் மனிதருக்குத் தெரியும்தானே? கயிறு இருப்பதே அதற்குத்தான். இரண்டடி தள்ளி நடத்திக்கொண்டு போக என்ன கஷ்டம்?

மண்புழு:
யார் பொறுப்பு என்பதற்குள் போகுமுன் அந்த வட்டத்தைப் பார்ப்போம், பாதி விடை அதில் இருக்கிறது.

நாயின் சிறுநீரில் யூரியாவும் உப்பும் அதிகம். யூரியா என்றால் நைட்ரஜன், நாம் உரமாகப் போடும் அதே சரக்கு. ஒரே இடத்தில் கொட்டும்போது நடுவில் அளவு மீறிப் புல் கருகுகிறது. ஓரத்துக்குப் போகப் போக நீர்த்து, உரத்தின் அளவுக்கு வந்துவிடுகிறது. அந்தக் கரும்பச்சை வளையம் அப்படித்தான் வருகிறது. பூஞ்சை மருந்து இதற்கு ஒன்றும் செய்யாது. அமிலத்தால் எரிகிறது என்று சுண்ணாம்பு போடுவார்கள், அதுவும் வீண். பெண் நாயின் சிறுநீரில் விசேஷமாக எதுவும் கிடையாது. அது உட்கார்ந்து மொத்தத்தையும் ஒரே இடத்தில் விடுகிறது, ஆண் நாய் பெரும்பாலும் கால் தூக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கம்பத்திலும் செடியிலும் அடித்துவிட்டுப் போகிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆகவே மருந்து தண்ணீர்தான். நாய் போன சில மணி நேரத்துக்குள் அந்த இடத்தில் தாராளமாக ஊற்றினால் நீர்த்துப் போகும், புல் பிழைக்கும். வைக்கோலாகிவிட்டதை எந்தத் தண்ணீரும் மீட்காது. அதைச் சுரண்டி எடுத்து, மண்ணை நன்றாக அலசி, மறுபடி நடுங்கள். அருகம்புல் வகையாக இருந்தால் சீக்கிரம் கருகும், ஆனால் தண்டு ஓடித் தானே மூடிக்கொள்ளும்.

இன்னொன்று. நாய் திரும்பத் திரும்ப அதே இடத்துக்கு வருவது வாசனையைப் பிடித்துக்கொண்டு. தன் வாசனை, போன வாரம் வந்த இன்னொரு நாயின் வாசனை, எல்லாம் அதற்கு அங்கே எழுதி வைத்த மாதிரி. சுவர், கம்பத்தில் பட்டிருந்தால் நொதி கலந்த துப்புரவுத் திரவம் போட்டுக் கழுவுங்கள். அம்மோனியா கலந்த திரவம் மட்டும் கூடாது. அதன் வாடை சிறுநீர் வாடைக்குப் பக்கத்தில் இருப்பதால் நாயை இன்னும் கூப்பிடும்.

நீலப் பாட்டில் பயன்படாது. நாய்க்கு நீலமும் மஞ்சளும் நன்றாகவே தெரியும், பயப்பட அதில் ஒன்றுமில்லை.

காரசாரம்:
தண்ணீர் ஊற்று, மண்ணை அலசு, மறுபடி நடு. எல்லாம் பாதிக்கப்பட்டவன் தலையில்தானா? நான் இரண்டு வீட்டுக்காரர்களிடம் பேசிப் பார்த்தேன். ஒருவர் சிரித்தார், இன்னொருவர் சண்டைக்கு வந்தார். அதனால் ஓரம் முழுக்க நாப்தலின் உருண்டை போட்டேன். ஒரு வாரமாக ஒரு நாயும் கிட்டே வரவில்லை. பலன் தருவதை ஏன் விட வேண்டும்?

மண்புழு:
நண்பரே, தயவுசெய்து இன்றைக்கே பொறுக்கி எடுங்கள். அந்த உருண்டை மூடிய பெட்டிக்குள் வைக்கச் செய்தது. நாய் விழுங்கினால் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், சின்ன நாய்க்கு ஒன்றிரண்டே ஆபத்து. நாயை விடுங்கள், வெள்ளையாக உருண்டையாக இருப்பதை மிட்டாய் என்று எடுத்து வாயில் போடும் குழந்தையை நினைத்துப் பாருங்கள். ஜி6பிடி நொதிக் குறைபாட்டோடு பிறந்த குழந்தைகளுக்கு இதனால் கடுமையான இரத்தசோகை வரும். அந்தக் குறை இருப்பது பல பெற்றோருக்கே தெரிந்திருக்காது.

செடிக்கு நல்லது என்று காப்பித்தூள் சக்கை கொட்டுவதும், கோக்கோ உமி பரப்புவதும் இதே கதைதான். இரண்டும் நாய் தின்றால் நஞ்சு.

காலைநடை:
எல்லோரும் சிறுநீரைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்குப் பெரிய கவலை மலம். என் மகளுக்கு ஒன்றரை வயது. புல்லில் தவழ்வாள், மண்ணைத் தொட்ட கை நேராக வாய்க்குப் போகும். நாய்க்கழிவில் உருண்டைப்புழு முட்டைகள் இருக்கும் என்று குழந்தை மருத்துவர் சொன்ன நாளிலிருந்து அவளைக் கீழே இறக்கிவிடவே கை வரவில்லை. கண் வரைக்கும் போகுமாமே?

மண்புழு:
போகும், அரிதாக. டாக்ஸோகாரா என்பது அதன் பெயர். முட்டை உள்ளே போனால் புழுக்குஞ்சு கல்லீரல், நுரையீரல், சில சமயம் கண்வரை ஊர்ந்துவிடும். ஆனால் உங்கள் பயத்தைக் கொஞ்சம் குறைக்கும் சேதியும் உண்டு. மலம் விழுந்த உடனே அந்த முட்டை தொற்றாது, மண்ணில் கிடந்து பக்குவப்பட இரண்டு மூன்று வாரமாவது ஆகும். அதற்குள் அள்ளிவிட்டால் கதை முடிந்தது. அப்படியே விட்டால்தான் வருஷக்கணக்கில் மண்ணில் கிடக்கும். கொக்கிப்புழு வேறு ரகம், அதன் குஞ்சு வெறுங்காலின் தோல் வழியாக நுழையும். மாட்டுச்சாணி மாதிரி இதுவும் மக்கி உரமாகிவிடும் என்று விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், அது பெரிய தப்பு.

வால்நட்பு:
இந்த இடத்தில் நான் நாய்க்காரர்கள் பக்கம் நிற்கவே மாட்டேன். பை எடுத்துக்கொள்ளாமல் நாயோடு வெளியே கிளம்புவது தவறு, அவ்வளவுதான். என் நாய்களுக்குக் காலம் தவறாமல் புழு மருந்து கொடுக்கிறேன், அது எங்கள் கடமை.

ஆனால் சிறுநீரை அள்ள முடியாதே? நாய் எங்கேயாவது போய்த்தான் ஆக வேண்டும். வேலி என்று நான் சொன்னது உங்களைத் தண்டிக்க இல்லை. சொந்தக்காரர் இல்லாமல் சுற்றும் நாயை எந்தக் கயிறும் தடுக்காது. அதற்கு முன் நீங்கள் போட்ட வேலிதான் நிற்கும்.

காலைநடை:
அது உண்மை. எங்கள் பக்கம் வருவதில் பாதி அப்படித்தான். குப்பைத்தொட்டி மூடி உடைந்திருந்தது. அதை மாற்றிய பிறகு வருகை பாதியாகக் குறைந்தது. கருத்தடை செய்த ஆண் நாய்கள் அலைவதும் அங்கங்கே அடிப்பதும் கொஞ்சம் குறைகிறது.

காரசாரம்:
அப்படியானால் மீயொலிக் கருவி? மனிதக் காதுக்குக் கேட்காது, நாய் ஓடிவிடும் என்கிறார்கள்.

வால்நட்பு:
நமக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும், நாய்க்கு 45,000 வரை கேட்கும். உங்கள் தரைக்கு வராமல் பக்கத்து முற்றத்தில் கட்டிக் கிடக்கும் நாய்க்கும் அது கேட்கும், அதனால் எழுந்து ஓடவும் முடியாது. குற்றம் செய்யாத நாய்க்கு நாள் முழுக்கத் தண்டனை. வருகிற நாயோ கொஞ்ச நாளில் பழகிக்கொள்ளும். ஆள் அசைந்தால் தானே தண்ணீர் பீய்ச்சும் சென்சார் வைத்த ஸ்பிரிங்க்ளர் எவ்வளவோ மேல். ஈரம் தவிர யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை, போதாததற்கு அதே தண்ணீர் சிறுநீரையும் நீர்க்கச் செய்யும்.

முன்வாசல்:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அந்த வட்டங்களைக் காட்டினேன். குனிந்து ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். "இது எங்கள் நாயாலா? தண்ணீர்தானே என்று நினைத்தேன்" என்றார். உண்மையிலேயே தெரியவில்லை. இப்போது கயிற்றைக் குட்டையாகப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கமாகப் போகிறார். ஒரு நாள் நாய் இழுத்துக்கொண்டு வந்துவிட்டபோது, அவரே என் குழாயைத் திறந்து தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனார்.

நடைபாதை ஓரத்தில் நெருக்கமாகக் குத்துச்செடி வரிசையும் வைத்திருக்கிறேன். வால்நட்பு சொன்ன வேலிக்குப் பதிலாக. சுரண்டி நட்ட ஏழில் நான்கு இடம் பச்சை பிடித்துவிட்டது.

காரசாரம்:
உருண்டைகளை அன்றைக்கே எடுத்துவிட்டேன், எண்ணிப் போட்டதால் எல்லாம் கிடைத்தது. மண்புழுவுக்கு நன்றி. ஆனால் முன்வாசலுக்கு அமைந்த பக்கத்து வீட்டுக்காரர் எல்லோருக்கும் அமைய மாட்டார். என்னைப் பார்த்துச் சிரித்தவர் இன்றைக்கும் அதே இடத்தில்தான் நாயை நிறுத்துகிறார். ஸ்பிரிங்க்ளரை இந்த வாரம் பொருத்தப் போகிறேன். செலவு என்னுடையதாக இருப்பது மட்டும் எனக்கு இன்னும் நியாயமாகப் படவில்லை.

வால்நட்பு:
அது நியாயம் இல்லைதான். சென்சாரை நாய் உயரத்துக்குத் தாழ்த்தி, நடைபாதைப் பக்கம் பார்க்காமல் தரைப் பக்கம் திருப்பி வையுங்கள். இல்லாவிட்டால் வழியில் போகிறவர்களும் நனைவார்கள்.