லண்டன்ல யூதக் குடும்பத்து வீட்டுல சப்பாத்துக்குத் தங்கப் போறோம், எப்படி நடந்துக்கணும்?

தண்டையார்பேட்டை பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். நானும் என் சித்தி பையனும் லண்டன்ல படிக்கிறோம். எனக்கு 23, அவனுக்கு 21. என் கிளாஸ்மேட் வீடு கோல்டர்ஸ் கிரீன்ல இருக்கு. மத முறைகளை ரொம்ப ஒழுங்கா கடைப்பிடிக்கிற யூதக் குடும்பம். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துல இருந்து சனிக்கிழமை ராத்திரி வரைக்கும் அவங்களுக்கு சப்பாத், அதாவது வாராவாரம் வர்ற ஓய்வு நாள். டிசம்பர்ல ஒரு வெள்ளிக்கிழமை வந்து தங்கிட்டு, சனிக்கிழமை ராத்திரி கிளம்புங்கன்னு அவங்க அம்மாவே எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டிருக்காங்க.

இப்போ அக்கா கல்யாணத்துக்கு ஊருக்கு வந்திருக்கோம், அடுத்த வாரம் ஃபிளைட். அந்த வீட்டுக்குன்னு அம்மா அதிரசமும் முறுக்கும் ரெண்டு டப்பா கட்டிக் குடுக்கறேன்னு நிக்கறாங்க. எடுத்துட்டுப் போகலாமா? என்ன டிரஸ் போடணும்? போன் வெச்சுக்கலாமா? நான் மாட்டுக்கறி சாப்பிட மாட்டேன், தம்பி எல்லாம் சாப்பிடுவான். கிளாஸ்மேட்டைக் கேட்டா "நீங்க வந்தாலே போதும்"னு சொல்லிடறா. அந்த மாதிரி வீட்டுல பழகினவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

வியாசர்பாடி தம்பி:

சிஸ்டர், அன்னைக்கு அவங்க லைட்டு, ஸ்டவ்வு எதையும் தொட மாட்டாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். நீங்க யூதர் இல்லையே, உங்களுக்குத் தடை கிடையாது. அவங்க கேக்காமலே நீங்க போட்டுக் குடுத்துட்டா உதவியா இருக்கும்.

ராயபுரம் அக்கா:

பாப்பா, தம்பி நல்ல மனசோட சொல்லியிருக்கு. ஆனா அதை மட்டும் செய்யாத. நான் ஜெருசலேம்ல ஒரு வயசான அம்மாவைப் பாத்துக்கற வேலையில இருந்தேன். வெள்ளிக்கிழமைன்னா அவங்க பேரப் பசங்க, அந்தப் பசங்களோட ஃபிரெண்ட்ஸுன்னு வீடு நிறைஞ்சிடும். முதல் தடவையா வர்ற உன் வயசுப் புள்ளைங்களை நிறைய பாத்திருக்கேன்.

அன்னைக்குச் செய்யக் கூடாத வேலைன்னு அவங்களுக்கு 39 வகை இருக்கு. நெருப்பு மூட்டறது, அணைக்கறது, சமைக்கறது, எழுதறது, கிழிக்கறது எல்லாம் அதுல அடக்கம். கரண்டு சுவிட்சைத் தொடறதையும் தவிர்ப்பாங்க. தான் செய்யக் கூடாததை வேற மதத்து ஆளை விட்டுச் செய்ய வைக்கறதுக்கும் அவங்க சட்டத்துல கட்டுப்பாடு உண்டு. அவங்களுக்காக நீ ஒரு லைட்டைப் போட்டுட்டா, அந்த வெளிச்சத்துல உக்காரலாமா கூடாதான்னு அவங்களுக்குத்தான் சங்கடம். அணைச்சா அதைவிடக் கஷ்டம். ராத்திரி பாத்ரூம் போயிட்டு வர்றப்ப நம்ம கை தானா சுவிட்சுக்குப் போகும், கரண்டு வீணாக்காதேன்னு திட்டு வாங்கி வளர்ந்த கை அது. நீ அணைச்சுட்டா அந்த வீட்டுப் பெரியவங்க மறுநாள் பொழுது சாயற வரைக்கும் இருட்டுல தடவிட்டுத்தான் போகணும். நான் இருந்த வீட்டுல சுவிட்சு மேல பிளாஸ்டிக் மூடி மாட்டிடுவோம். ஃபிரிட்ஜ் பல்பை வெள்ளிக்கிழமையே கழட்டிடுவோம். டாய்லெட்டுல பேப்பரைக் கூட முன்னாடியே கிழிச்சு அடுக்கி வெச்சிருப்போம். ஹால் லைட்டு டைமர்ல போகும். சாப்பிட்டுட்டு இருக்கறப்பவே அணைஞ்சாலும் பதறாத.

நேரத்தைக் கவனி. லண்டன்ல டிசம்பர்ல நாலு மணிக்குள்ளயே சூரியன் மறைஞ்சிடும். விளக்கேத்தறது அதுக்கும் முன்னாடி, வழக்கமா 18 நிமிஷம். ஜெருசலேம்ல 40 நிமிஷம் முன்னாடியே, அந்தக் காலத்து பின்னி மில் சங்கு மாதிரி ஊரெல்லாம் கேக்க சைரன் ஊதும். உங்க ஊர்ல யாரும் ஊத மாட்டாங்க, நீயே பாத்துக்கணும். மூணரைக்கு ட்யூப் ரயில்ல இருந்து இறங்கி மூச்சு வாங்க ஓடாத, ரெண்டு மணிக்கே போயிடு. குளிக்கறது, அம்மாகிட்ட போன் பேசறது எல்லாம் விளக்கேத்தறதுக்கு முன்னாடியே முடிஞ்சிடணும். சனிக்கிழமை ராத்திரி வரைக்கும் போன் எடுக்க மாட்டேன்னு அம்மாகிட்ட சொல்லி வை, இல்லைன்னா இங்க பயந்துடுவாங்க.

போன் உனக்குத் தடை இல்லதான். இருந்தாலும் அலாரத்தையெல்லாம் எடுத்துட்டு, சைலன்ட்ல போட்டு உன் ரூம்ல பைக்குள்ள வெச்சுடு. போட்டோ எடுக்காத, அங்க எரியற விளக்கு எவ்வளவு அழகா இருந்தாலும் சரி. ஒண்ணு மட்டும் தைரியமா இரு: யாருக்காவது உயிருக்கு ஆபத்துன்னா சப்பாத் சட்டம் எல்லாம் ஒதுங்கிடும். அவங்களே அங்கத்து அவசர நம்பர் 999க்குப் போன் போடுவாங்க, நீயும் தயங்க வேண்டாம்.

இனி சாப்பாட்டு மேஜை. எனக்கு ரொம்பப் பிடிச்ச நேரம் அதுதான். முதல்ல பாட்டு. நீதிமொழிகள் 31ல வர்ற "குணசாலியான ஸ்திரீ" பகுதி நம்ம சர்ச்சுல வாசிச்சுக் கேட்டிருக்கேன். அங்க அதை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வீட்டு ஆம்பளைங்க பாடறாங்க. முதல்ல கேட்டப்ப எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அப்பா அம்மா புள்ளைங்க தலையில கை வெச்சு ஆசீர்வாதம் பண்ணுவாங்க. அப்புறம் ஒயின் கிண்ணத்தைக் கையில வெச்சு ஜெபம். அவங்க நின்னா நீயும் நில்லு, உக்காந்தா உக்காரு. நீ ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல. ஒயின் வேண்டாம்னா கிரேப் ஜூஸ் கேளு, எல்லா வீட்டுலயும் இருக்கும்.

அடுத்தது கை கழுவறது. ரெண்டு கைப்பிடி வெச்ச ஒரு சொம்பு இருக்கும். வலது கையில ரெண்டு மூணு தடவை, இடது கையில ரெண்டு மூணு தடவை தண்ணி ஊத்துவாங்க, சின்ன ஜெபம் சொல்லித் துடைச்சுக்குவாங்க. அதுக்கப்புறம் ரொட்டி வாய்க்குப் போற வரைக்கும் ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. அவ்வளவு நேரம் சத்தமா இருந்த வீடு சட்டுனு அடங்கிடும். உப்பு எங்கன்னு சின்னப் புள்ளைங்க கூட கையாலதான் கேக்கும். முதல் தடவை வர்ற பசங்க பாதிப் பேர் இந்த நேரத்துலதான் "ஏன் யாரும் பேசலை"ன்னு கேள்வி கேப்பாங்க. பதில் சொல்ல முடியாம அவங்க தவிப்பாங்க. நீ சிரிச்சுட்டு உக்காந்திரு, அது போதும். துணி போட்டு மூடின ரெண்டு ரொட்டி மேஜையில இருக்கும். பெரியவர் அதை அறுத்து, உப்புல தொட்டுக் குடுப்பார். அதைச் சாப்பிட்ட அப்புறம்தான் மத்ததுல கை வை. கடைசில நீளமா ஒரு நன்றி ஜெபம் வரும், அது முடியற வரைக்கும் எழுந்திருக்காத. மூணு மணி நேரம் கூட ஆகும், தம்பிகிட்ட சொல்லி வை.

ஒயின் பாட்டிலை நீ எடுத்து ஊத்தாத. திறந்த ஒயினை வேற மதத்தவங்க ஊத்தினா குடிக்கக் கூடாதுன்னு சில வீடுகள்ல பழைய சட்டம் ஒண்ணு உண்டு. காய்ச்சின ஒயினுக்கு அது கிடையாது. வடசென்னையில பொறந்த நமக்கு இதைக் கேட்டா சுருக்குனு குத்தும். எனக்கும் குத்திச்சு. அந்த வீட்டு மருமககிட்டயே கேட்டுட்டேன். அந்தக் காலத்துல வேற சாமிக்குப் படைச்ச ஒயினைத் தவிர்க்க வந்த சட்டம், மனுஷங்களை ஒதுக்க இல்லன்னு சொன்னாங்க. சொன்ன கையோட என் தட்டுல அவங்களே சோறு வெச்சாங்க. அதே மேஜை, அதே தட்டு, நான் அவங்க பக்கத்துல. அதனாலதான் உனக்கும் தைரியமா சொல்றேன், மனசுல வெச்சுக்காத.

மாட்டுக்கறி விஷயத்தை வியாழக்கிழமைக்குள்ள சொல்லிடு. கறி, பீன்ஸ், பார்லி, உருளைக்கிழங்கு எல்லாம் போட்டு வெள்ளிக்கிழமை சாயங்காலமே சூட்டுல வெச்சு, சனிக்கிழமை மத்தியானம் எடுக்கற சோலெண்ட்டுன்னு ஒண்ணு இருக்கும். பெரும்பாலும் மாட்டுக்கறிதான். அன்னைக்குப் போய்ச் சொன்னா புதுசா சமைக்க முடியாம அந்த அம்மா மனசு கஷ்டப்படும். கறி சாப்பிட்ட அப்புறம் பால் டீ கேக்காத, பாலும் கறியும் சேக்க மாட்டாங்க, பல மணி நேரம் இடைவெளி விடுவாங்க. கட்டஞ்சாயா குடுப்பாங்க. தட்டு எடுக்கலாம், ஆனா கறிக்கு ஒண்ணு பாலுக்கு ஒண்ணுன்னு ரெண்டு சிங்க் இருக்கும், கேட்டுட்டு வை. சுடுதண்ணிக் குழாயைத் திறக்காத. கை துறுதுறுன்னு இருந்தா குழந்தைங்களோட விளையாடு, அதுதான் அந்த வீட்டுல பெரிய உதவி.

அதிரசம், முறுக்கு வேண்டாம். நம்ம அடுப்பு, நம்ம பாத்திரம் அவங்க முறைக்கு ஒத்து வராது, வாங்கி வெச்சுட்டுச் சாப்பிட முடியாம தவிப்பாங்க. பூ வாங்கிட்டுப் போ, விளக்கேத்தறதுக்கு முன்னாடியே குடுத்துடு. இல்லைன்னா கோல்டர்ஸ் கிரீன்லயே கோஷர் கடை, அதாவது அவங்க உணவு முறைக்கு ஒத்து வர்றதை விக்கற கடை நிறைய இருக்கு, அங்க சீல் பிரிக்காத சாக்லேட் வாங்கிக்கோ.

டிரஸ் சுலபம். முழங்கை மூடற கை, மூடின கழுத்து, முட்டிக்குக் கீழ வர்ற குர்தான்னா போதும். ரொம்பக் கட்டுப்பாடான வீடுன்னா நீளப் பாவாடைதான் விரும்புவாங்க, அதை மட்டும் கிளாஸ்மேட்டைக் கேளு. தம்பிக்குத் தலையில வெக்க சின்னத் தொப்பி குடுத்தா வெச்சுக்கச் சொல்லு. ஆம்பளைங்க உனக்குக் கை குடுக்க மாட்டாங்க, பொம்பளைங்க தம்பிக்குக் குடுக்க மாட்டாங்க. ரெண்டு கையும் கூப்பி வணக்கம் சொல்லுங்க, "ஷபாத் ஷாலோம்"னு சேத்துச் சொன்னா சந்தோஷப்படுவாங்க.

சனிக்கிழமை காலைல ஜெபக்கூடத்துக்குக் கூப்பிட்டா போயிட்டு வா. ஆம்பளைங்க, பொம்பளைங்க தனித்தனியா உக்காருவாங்க. வாசல்ல பாதுகாப்புக்கு ஆள் இருப்பாங்க, அந்தக் குடும்பத்தோட சேந்தே போ, பை எடுக்காத. மழை பேஞ்சாலும் அவங்க குடை விரிக்க மாட்டாங்க, தலை மூடற ரெயின்கோட் எடுத்துக்கோ. ராத்திரி நட்சத்திரம் தெரிஞ்சதும் பின்னின மெழுகுவர்த்தி கொளுத்தி, ஒயின் வெச்சு ஜெபம் பண்ணி, வாசனைப் பொருள் டப்பாவை ஒவ்வொருத்தரா மோந்து பாத்து நாளை முடிப்பாங்க. நான் இருந்த வீட்டு டப்பாவுல கிராம்புதான். அது முடியறதுக்கு முன்னாடி மூட்டை கட்டாத.

மண்ணடி பாய்:

அக்கா சொன்னதுக்கு மேல சாப்பாட்டுல ஒண்ணு. ஹலால்னு எழுதியிருந்தா அவங்களுக்கும் ஆகும்னு நெனச்சு எதையும் வாங்கிடாதீங்க தங்கச்சி, அவங்க முத்திரை தனி. துடுப்பும் செதிலும் இருக்கற மீன்தான் அவங்களுக்கு ஆகும். காசிமேட்டு எறா, நண்டு, கடம்பா, சுறா எதுவும் ஆகாது.

மேஜையில பேச்சு வந்தா நம்ம ஊர்க் கதையைச் சொல்லுங்க. என் கடைக்குப் பக்கத்துல இருக்கற பவளக்காரத் தெருவுல 17ஆம் நூற்றாண்டுல யூத வியாபாரிங்க இருந்தாங்க. மத்தியதரைக் கடல் பவளத்தை இங்க இறக்கி, கோல்கொண்டா வைரத்தை லண்டனுக்கு அனுப்பினவங்க. தெருப் பேரு அதுல வந்ததுதான். 1688ல மெட்ராஸ் கார்ப்பரேஷன் ஆரம்பிச்சப்ப ஆல்டர்மேன்கள்ல, அதாவது கார்ப்பரேஷன் உறுப்பினருங்கள்ல, யூத வியாபாரிங்களும் இருந்தாங்க. தங்கசாலைப் பக்கம் இருந்த அவங்க பழைய கல்லறைக் கல்லெல்லாம் இப்ப லாயிட்ஸ் ரோட்டுல இருக்கு. லண்டன்ல இருக்கற யூதக் குடும்பத்துக்கு இது தெரிஞ்சிருக்க வாய்ப்பு குறைவு, ஆசையா கேப்பாங்க. அரசியலை நீங்களா எடுக்காதீங்க.

தண்டையார்பேட்டை பொண்ணு:

அக்கா, அண்ணா, ரொம்ப நன்றி. அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன். முறுக்கு நமக்குத்தான்னு தம்பி இப்பவே டப்பாவைத் திறந்துட்டான். அம்மாவுக்கு ஊர்ல இருந்து ஏதாவது அனுப்பியே ஆகணுமாம். அந்த வாசனை டப்பாவுக்குன்னு கிராம்பு வாங்கிட்டுப் போகலாமா?

ராயபுரம் அக்கா:

நல்ல யோசனை கண்ணு. பொடி வேண்டாம், கலவை மசாலா வேண்டாம், முழுக் கிராம்பா வாங்கு. மோந்து பாக்கத்தான்னு சொல்லிக் குடு, சமையலுக்குப் போடறதா இல்லையான்னு அவங்களே முடிவு பண்ணிக்குவாங்க. கோவிந்தப்ப நாயக்கன் தெருவுல மொட்டு உதிராததா பாத்துப் பொறுக்கி எடு. வாங்கறதுக்கு முன்னாடி கிளாஸ்மேட்டுக்கு ஒரு மெசேஜ் போட்டுக் கேட்டுடு. வெள்ளிக்கிழமைல மட்டும் போடாத, அன்னைக்கு அவங்க வீட்டுல ஆளாளுக்கு அடுப்படியில இருப்பாங்க.