கர்னல் தன் உள் ஃபங்ஷன்களை மாட்யூல்களுக்குத் திறந்துவிட வேண்டுமா?

தறிநூல்:
எந்த ப்ராசஸ் எந்த ஃபைலைத் திறக்கிறது என்று பதிவுசெய்யும் மாட்யூல் (கர்னலில், அதாவது இயங்குதளத்தின் மையத்தில், ஏற்றும் துணை நிரல்) ஒன்று, மெயின்லைனுக்கு (அதிகாரபூர்வ கர்னல் மூலத்துக்கு) வெளியே பில்ட் ஆவது. லினக்ஸ் 5.4-ல் ஓடுகிறது. 6.12-க்கு பில்ட் செய்தால், 'கேஆல்சிம்ஸ்_லுக்அப்_நேம்' (பெயரைக் கொடுத்தால் முகவரி தரும் கர்னல் ஃபங்ஷன்) வரையறுக்கப்படவில்லை என்று பில்டைச் சரிபார்க்கும் மாட்போஸ்ட் நின்றுவிடுகிறது. ஆனால் ப்ராக் அடியில் உள்ள கேஆல்சிம்ஸ் ஃபைலில் அந்தப் பெயர் இருக்கிறது! அதைக்கொண்டு சிஸ்டம் கால் டேபிளை (ப்ராசஸ்கள் கர்னலிடம் கேட்கும் சேவைகளின் முகவரிப் பட்டியலை) கண்டுபிடித்து, ஃபைலைத் திறக்கும் ஓபன்அட்டை மாற்றுவதுதான் இந்த மாட்யூலின் வேலை. எப்படிச் சரிசெய்வது? இன்னொன்று: ரூட்டாக ஏறும் மாட்யூலிடம் மறைத்து என்ன பயன்? எல்லாவற்றையும் திறந்து வைத்தால் என்ன கெட்டுவிடும்?

கருந்திரை:
கேஆல்சிம்ஸில் பெயர் இருப்பது வேறு, எக்ஸ்போர்ட் ஆகியிருப்பது (மாட்யூல்கள் பயன்படுத்தத் திறந்திருப்பது) வேறு. பில்ட் டைரக்டரியில் மாட்யூல்.சிம்வெர்ஸ் ஃபைலைப் பாருங்கள். அதில் இல்லாத பெயர் லிங்க் ஆகாது. இந்த ஃபங்ஷனின் எக்ஸ்போர்ட்டை 5.7-ல் எடுத்துவிட்டார்கள். எக்ஸ்போர்ட் ஆகாததையும் தேடித் தரும் ஒன்று திறந்திருந்தால் அந்தப் பட்டியலுக்கே அர்த்தமில்லை.

கேப்ரோப் (கர்னல் ஃபங்ஷனில் இடைமறிப்புப் புள்ளி வைக்கும் வசதி) போட்டு முகவரியை எடுக்கும் வழியை யாராவது சொல்வார்கள். வேண்டாம். ஐபிடி (குறியில்லாத இடத்துக்குப் பாயிண்டர் வழியாகக் குதிப்பதைத் தடுக்கும் சிபியூ பாதுகாப்பு) இயங்கும் எக்ஸ்86 கர்னலில், முகவரி வழியாக யாரும் அழைக்காத ஃபங்ஷன்களின் தொடக்கத்தில் இருக்கும் எண்ட்பிஆர் குறியை பூட் ஆகும்போதே அழித்துவிடுகிறார்கள். அங்கே பாயிண்டர் வழியாகக் குதித்தால் 'மிஸ்ஸிங் எண்ட்பிஆர்' என்று விழும். அதையும் தாண்டினாலும் பயனில்லை: 6.9 முதல் எக்ஸ்86-64-ல் சிஸ்டம் கால்கள் அந்த டேபிள் வழியாகப் போவதில்லை, கோடிலேயே எழுதப்பட்ட ஸ்விட்ச் கட்டளை வழியாகப் போகின்றன. டேபிளை மாற்றுவீர்கள், பிழை எதுவும் வராது, லாக் மட்டும் காலியாக இருக்கும்.

பிபிஎஃப் எல்எஸ்எம்-க்கு (கர்னலின் பாதுகாப்புச் சோதனை இடங்களில் சிறு நிரலை இணைக்கும் முறைக்கு) மாறுங்கள். கான்ஃபிக்_பிபிஎஃப்_எல்எஸ்எம் இயங்க வேண்டும். பூட் வரியின் எல்எஸ்எம் பட்டியலில் பிபிஎஃப் இருக்க வேண்டும் (பலரும் கோட்டைவிடுவது இதைத்தான்). பிறகு ஃபைல்_ஓபன் ஹூக் (ஃபைல் திறக்கும்போது உங்கள் நிரல் அழைக்கப்படும் இடம்). ஓபன்அட்2, ஐஓ_யூரிங் போன்ற வேறு வழிகளில் திறப்பவையும் இதில் சிக்கும். புதிய கர்னலில் உங்கள் பழைய முறை வேலைசெய்தாலும் அவை தப்பிவிடும்.

நள்ளிரவு_நிரல்:
இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். மறைப்பது பாதுகாப்புக்காக அல்ல. ரூட்டைத் தடுக்க முடியாது என்பது சரிதான். ஒரு ஃபங்ஷனை அழைக்க அதன் முகவரி மட்டும் போதாது. எந்த லாக்கை (ஒரே நேரத்தில் பலர் மாற்றாமல் தடுக்கும் பூட்டை) பிடித்திருக்க வேண்டும், தூங்கலாமா, ரெஃபரன்ஸை யார் விடுவது என்பதெல்லாம் சேர்ந்துதான் இண்டர்ஃபேஸ். மாட்யூல் கர்னலோடு பொருந்துகிறதா என்று பார்க்கும் மாட்வெர்ஷன்ஸின் சிஆர்சி (சரிபார்ப்பு எண்) டைப்களை மட்டுமே ஒப்பிடும்; லாக் விதி மாறினால் அதற்குத் தெரியாது.

விஎம்ஏ-வின் (ப்ராசஸின் நினைவகப் பகுதி ஒன்றைக் குறிக்கும் அமைப்பின்) விஎம்_ஃபிளாக்ஸ் ஃபீல்டை எடுத்துக்கொள்ளுங்கள். டிரைவர்கள் அதில் நேரடியாக பிட்டை ஏற்றிக்கொண்டிருந்தன. விஎம்ஏ ஒவ்வொன்றுக்கும் தனி லாக் 6.4-ல் வந்தது. அதற்கு முன்னேற்பாடாக 6.3-லேயே அந்த ஃபீல்டைப் படிக்க மட்டும் என்று ஆக்கி, விஎம்_ஃபிளாக்ஸ்_செட் வழியாகத்தான் மாற்றலாம் என்றார்கள். வெளி மாட்யூல்கள் கம்பைல் ஆகாமல் நின்றன. நின்றதே நல்லது. பழைய கோட் சத்தமில்லாமல் கம்பைல் ஆகியிருந்தால், லாக் இல்லாமல் எழுதி, லோடு ஏறும்போது மட்டும் தலைகாட்டும் ரேஸாகியிருக்கும் (இருவர் ஒரே நேரத்தில் எழுதி மோதும் பிழை).

வடகாற்று:
முழுக்க ஒப்புக்கொள்ள முடியாது. ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு இயங்குதளத்தில், கர்னலின் குளோபல் சிம்பல்கள் (ஃபங்ஷன், வேரியபிள் பெயர்கள்) மாட்யூல்களுக்கு அப்படியே தெரியும். அது ஒன்றும் இடிந்து விழவில்லை. மூடுவதற்கும் விலை உண்டு. லினக்ஸ் 5.0-ல், கர்னலுக்குள் எஃப்பியூ-வை (சிபியூவின் தசமக் கணக்குப் பகுதியை) பயன்படுத்த உதவிய ஒரு எக்ஸ்போர்ட் எடுக்கப்பட்டது. மிஞ்சியது ஜிபிஎல் உரிமம் கொண்ட மாட்யூல்களுக்கு மட்டும். வேறு உரிமத்தில் உள்ள இசட்எஃப்எஸ் என்ற ஃபைல்சிஸ்டம் எஸ்ஐஎம்டி-யை (பல தரவுகளை ஒரே கட்டளையில் கணக்கிடும் வேகத்தை) இழந்தது, பிறகு ரெஜிஸ்டர்களைச் சேமிக்கும் கோடைத் தானே எழுதிக்கொண்டது. அந்த மென்மையான வேலை கர்னலுக்குள் ஒரே இடத்தில் இருந்திருக்க வேண்டும். மூடியதால் அதற்கு இரண்டாவது பிரதி உண்டானது, அவ்வளவுதான்.

எனவே சிம்பல் வாரியாகப் பேசுவோம். 5.4-ல் வந்த நேம்ஸ்பேஸ் இதற்கு உதவும்: எக்ஸ்போர்ட் உண்டு, ஆனால் மாட்யூல் அந்த நேம்ஸ்பேஸை வெளிப்படையாக இம்போர்ட் செய்ய வேண்டும். ஆண்ட்ராய்டின் பொதுக் கர்னலான ஜிகேஐ-யில் வெண்டர் மாட்யூல்களுக்குத் தேவையான சிம்பல்கள் பட்டியலாகவே வைக்கப்பட்டு, ஒரு கிளை உறைந்தபின் மாறாமல் காக்கப்படுகின்றன. லாக் விதி எழுத்தில் இருந்தால் திறக்கலாம். இல்லாததைத் திறக்கக் கூடாது.

தறிநூல்:
ஃபைல்_ஓபன் ஹூக்குக்கே மாறுகிறோம். அதில் என்ன ரிட்டர்ன் செய்ய வேண்டும்?

கருந்திரை:
0. நெகடிவ் எண் போனால் அந்த ஃபைலைத் திறக்கவே விடாது. சோதிக்கும்போது ஒரு சிகுரூப்போடு (ப்ராசஸ்களின் ஒரு குழுவோடு) நிறுத்திக்கொள்ளுங்கள். ஃபைலின் பாதை வேண்டுமானால் பிபிஎஃப்_டி_பாத் ஃபங்ஷன்.