உதவி: அரியமான் மணலில் ஓடினால் விலாக் குத்து, கெண்டைக்கால் பிடிப்பு

உச்சிப்புளிக்காரன்:
வணக்கம். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குத் தயாராகிறேன். 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடியாக வேண்டும். இதற்கு முன் ஓடிப் பழக்கமில்லை. காலையில் அரியமான் கடற்கரையில் சவுக்குத் தோப்பை ஒட்டி ஓடுகிறேன். கொஞ்ச நேரத்திலேயே வலது விலாவுக்குக் கீழே சுருக்கென்று குத்துகிறது; நின்றால் போய்விடும். அதையும் தாங்கிக்கொண்டு ஓடினால் கெண்டைக்கால் இறுகிப் பிடிக்கிறது. சில நாள் ராத்திரி தூக்கத்திலும் பிடிக்கிறது. உப்புச் சத்து குறைவு என்று கூட்டாளிகள் சொன்னதால் உப்பும் சீனியும் போட்டு எலுமிச்சைச் சாறு குடித்துவிட்டு ஓடினேன். குத்து கூடத்தான் செய்தது. வழி சொல்லுங்கள்.

மண்டபம் ஓட்டக்காரர்:
தம்பி, முதலில் இதைச் சொல்லுங்கள். சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்து ஓடுகிறீர்கள்? எடுத்த எடுப்பில் என்ன வேகம்? காய்ந்த மணலா, அலை நனைத்த மணலா?

உச்சிப்புளிக்காரன்:
பழைய சோறும் மோரும் குடித்து அரை மணி நேரத்தில் கிளம்பிவிடுவேன் அண்ணே. அப்புறம் ஒரு சொம்பு தண்ணீர். காய்ந்த மணல்தான், கால் பலமாகும் என்று. 7 நிமிடம் மனசிலேயே இருப்பதால் ஆரம்பத்திலிருந்தே வேகம்தான்.

மண்டபம் ஓட்டக்காரர்:
சரி, விலாக் குத்துக்குப் பெரும்பாலும் பதில் இதிலேயே இருக்கிறது. அது ஏன் வருகிறது என்று மருத்துவ உலகில் இன்னும் ஒரே முடிவு இல்லை. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் உள்ள மூச்சுத் தசையான உதரவிதானம் களைப்பதால் என்கிறார்கள் சிலர், வயிற்றின் உள்சவ்வு உரசுவதால் என்கிறார்கள் சிலர். ஆனால் வயிறு நிறையச் சாப்பிட்டோ, இனிப்பான பானம் குடித்தோ ஓடினால் கூடும் என்பது தெரிந்த விஷயம். எலுமிச்சைச் சாறு குடித்த அன்று கூடியதற்கும் அதுதான் காரணமாக இருக்கும்.

பழைய சோற்றை ஓடி முடித்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டுத்தான் ஓட வேண்டும் என்றால் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். பசி தாங்காவிட்டால் பாதி வாழைப்பழம் போதும். தண்ணீரை மடக்கு மடக்காகக் குடியுங்கள்.

வேகத்துக்கு வருகிறேன். 7 நிமிடத்தில் 1500 என்றால் 400 மீட்டர் சுற்று ஒன்றுக்கு 112 விநாடி. அதைவிட வேகமாக முதல் சுற்றை ஓடுவதில் லாபமே இல்லை. இப்போதைக்கு அந்தக் கணக்கையும் ஒதுக்கி வையுங்கள். பக்கத்தில் ஓடுபவரோடு பேசிக்கொண்டே போக முடிகிற வேகத்தில் ஓடுங்கள். மூச்சு வாங்கினால் நடங்கள், மறுபடி ஓடுங்கள். கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கிற நாளில் மேற்கே பார்த்து ஓடும்போது இன்னும் மெதுவாக.

குத்து வந்துவிட்டால் நடைக்கு மாறி, வலிக்கிற இடத்தை விரல்களால் அழுத்திக்கொண்டு, லேசாக முன்னால் குனிந்து, உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சை விடுங்கள். கொஞ்ச நேரத்தில் விட்டுவிடும்.

கெண்டைக்காலுக்கு என் சந்தேகம் காய்ந்த மணல் மேல்தான். கால் வைக்கிற இடமெல்லாம் குதிகால் புதைகிறது, ஒவ்வொரு அடிக்கும் கெண்டைதான் இழுத்துத் தூக்குகிறது. புதிதாக ஓடுபவருக்கு அது ரொம்ப அதிகம். தேர்வும் மணலில் நடக்கப்போவதில்லை. கெட்டியான மண் தரையிலோ பள்ளி மைதானத்திலோ ஓடுங்கள்.

தொண்டி இயன்முறை மருத்துவர்:
அண்ணன் சொன்னதோடு கொஞ்சம் சேர்க்கிறேன். இவ்வளவு குறைந்த நேர ஓட்டத்தில் உப்பு தீர்ந்துபோய்ப் பிடிப்பு வருவது அரிது. பழகாத தசை களைத்துப்போகும்போது நரம்பு அதைச் சுருக்கியபடியே வைத்திருப்பதுதான் முக்கியக் காரணம் என்று இப்போது பலரும் கருதுகிறார்கள். 2010இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், மின்தூண்டலால் பாதத் தசையில் பிடிப்பை வரவழைத்து, வெள்ளரி ஊறுகாய்ச் சாறு கொடுத்துப் பார்த்தார்கள். தண்ணீர் குடித்தபோதைவிட அது சீக்கிரம் விட்டது. ஆனால் ரத்தத்தில் உப்பின் அளவு மாறவே இல்லை. தொண்டையில் பட்ட புளிப்பே நரம்பை அடக்கியிருக்கலாம் என்று விளக்கினார்கள்.

பிடித்தவுடன் உட்கார்ந்து முட்டியை நீட்டி, கால்விரல்களை உங்களை நோக்கி இழுத்துப் பிடியுங்கள். உதறவோ குத்தவோ வேண்டாம். படிக்கட்டின் விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி இறக்கும் பயிற்சியை 15 தடவை வீதம் மூன்று முறை, ஒருநாள் விட்டு ஒருநாள் செய்யுங்கள். படுக்கும் முன் சுவரைப் பிடித்துக் கெண்டையை நீட்டிவிடுங்கள். ராத்திரிப் பிடிப்பு பலருக்கு இதில் குறைகிறது.

இதை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள்: ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தாலோ, சிறுநீர் கறுத்துப் போனாலோ, ஓட்டத்தை நிறுத்திய பிறகும் வயிற்று வலி நீடித்தாலோ, நெஞ்சில் வலி வந்தாலோ உடனே மருத்துவரிடம் போங்கள்.

கீழக்கரை வாசி:
உப்பே வேண்டாம் என்கிறீர்களா அக்கா? எனக்குச் சட்டையில் வெள்ளைவெள்ளையாக உப்புப் படிகிறது.

தொண்டி இயன்முறை மருத்துவர்:
ஒரு மணி நேரத்துக்கு மேல் வெயிலில் ஓடுகிறவருக்கு வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு.

கீழக்கரை வாசி:
நோன்பு மாதத்தில் எப்போது ஓடுவது?

மண்டபம் ஓட்டக்காரர்:
நோன்பு திறக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது நடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஓடத்தான் வேண்டும் என்றால் நோன்புக் கஞ்சி குடித்து இரண்டு மணி நேரமாவது போகட்டும். கஞ்சி வயிற்றில் இருக்கும்போது ஓடினால் குத்து நிச்சயம்.

உச்சிப்புளிக்காரன்:
மண் தரைக்கு மாறிவிட்டேன். வெறும் வயிற்றில் மெதுவாக ஓடினால் விலாவில் குத்து இல்லை. கெண்டை இன்னும் இறுகுகிறது, ஆனால் பிடித்து நிறுத்துவதில்லை. வேகத்தை எப்போது கூட்டலாம் அண்ணே?

மண்டபம் ஓட்டக்காரர்:
20 நிமிடம் நடக்காமல், வலி இல்லாமல் ஓட முடிகிறபோது. அப்புறம் வாரம் ஒரே ஒரு நாள், 400 மீட்டரை 112 விநாடியில் ஓடி, மூச்சு திரும்புகிற வரை நடந்து, மறுபடி ஒன்று. கெண்டை இறுகினால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள்.