வேறு மாநிலத்தில் வாங்கிய கேம்பர் டிரெய்லரைப் பதிவு செய்த அனுபவங்கள்

நெடுவழிக்காரன் (மெல்போர்ன்)

சென்ற மார்ச்சில் பிரிஸ்பேன் புறநகர் ஒன்றில், காருக்குப் பின்னால் இழுத்துப் போய்க் கூடாரமாக விரித்துக்கொள்ளும் புத்தம் புதிய கேம்பர் டிரெய்லர் ஒன்றை வாங்கினேன். இங்கே கேட்ட விலையைவிட நாலாயிரம் டாலர் குறைவு என்பதைத் தவிர வேறு காரணமில்லை. குவீன்ஸ்லாந்தில் பதியாமல், விக்டோரியாவின் தற்காலிக அனுமதிச் சீட்டை இணையத்தில் எடுத்துக்கொண்டு, கூண்டிவிண்டி, டப்போ, வெஸ்ட் வயலாங், டோகும்வால் என நியூவெல் நெடுஞ்சாலையைப் பிடித்து மூன்று நாளில் வீடு வந்து சேர்ந்தேன். வழியில் ஒரு குறையும் இல்லை.

பதிவு அலுவலகத்தில் நேரம் வாங்கிப் போன அன்று தூறல். பரிசோதிக்க வந்த இளம்பெண் ஈரத்தரையில் ஒரு முழங்காலை ஊன்றி, டிரெய்லரின் முன்சட்டத்தில் படிந்திருந்த சேற்றைத் தன் சட்டைக் கையாலேயே துடைத்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தில், ஒவ்வொரு வண்டிக்கும் தனியாகப் பொறிக்கப்படும் அடையாள எண்ணான வின் எண்ணை ஒவ்வோர் எழுத்தாக உரக்கப் படித்தார். நான் பக்கத்தில் நின்று விற்பனை ரசீதைப் பார்த்துக்கொண்டே கூடவே வாசித்துக்கொண்டு வந்தேன். பதின்மூன்றாவது இடத்தில் அவர் "பூஜ்யம்" என்றார், நான் "ஓ" என்றேன். அவர் எழுந்து நின்று என் கையிலிருந்த ரசீதை வாங்கிப் பார்த்தார். வின் எண்ணின் 17 இடங்களில் எதிலும் ஐ, ஓ, கியூ என்ற மூன்று எழுத்துகளும் வரவே வராது என்றும், 1, 0 ஆகியவற்றோடு குழம்பிவிடக்கூடாது என்பதற்காகவே அவற்றை விலக்கி வைத்திருக்கிறார்கள் என்றும், ஆகவே என் ரசீதில் உள்ள வண்டி உலகத்திலேயே இருக்க முடியாது என்றும் பொறுமையாக விளக்கினார். அவர் சொன்னதில் தவறு எதுவும் இல்லை. திருத்திய ரசீது வந்து சேர ஒன்பது நாள் ஆயிற்று. அதற்குள் அனுமதிச் சீட்டு காலாவதியாகி, இன்னொன்று எடுக்க வேண்டியதாயிற்று.

பணம் போனது பெரிதில்லை. அந்த எண்ணை நான் காப்பீட்டுக்கு எழுதினேன், நண்பருக்கு அனுப்பினேன், கோப்பில் குறித்துவைத்தேன். வண்டியின் இரும்பில் என்ன பொறித்திருக்கிறது என்று மட்டும் ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்கவில்லை.

கூழாங்கல் (சிட்னி)

எனக்கு எண்ணில் சிக்கல் இல்லை, எடையில்தான். மெல்போர்னில் வாங்கிய டிரெய்லரின் தகட்டில் வெற்று எடை 1,480 கிலோ என்றும், சுமையோடு சேர்த்து டிரெய்லர் இருக்கக்கூடிய அதிகபட்ச எடையான ஏ.டி.எம். 2,000 கிலோ என்றும் இருந்தது. (பணம் எடுக்கும் இயந்திரத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று என் மனைவி இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார்.) அப்படியானால் 520 கிலோ வரை ஏற்றலாம் என்பது என் கணக்கு. இங்கே பதிவுக்கு முன் வண்டியைப் பார்த்து புளூ ஸ்லிப் என்ற சான்று தரும் பரிசோதகர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, கூடாரப் பந்தல், இரண்டாவது ஸ்டெப்னி, இரண்டாவது பேட்டரி, கல்தடுப்பு வலை, ஃப்ரிட்ஜை வெளியே இழுக்கும் தட்டு ஆகியவற்றையெல்லாம் காட்டி, தகடு அடித்த பிறகு விற்பனையாளர் இவற்றைப் பூட்டியிருப்பார் போலிருக்கிறது, எதற்கும் எடைமேடைக்குப் போய்ச் சீட்டு வாங்கி வாருங்கள் என்றார்.

எடைமேடையில் காரைக் கழற்றிவிட்டு டிரெய்லரை மட்டும் நிறுத்தினோம். உள்ளே ஒரு தலையணைகூட இல்லை. சிவப்பு எழுத்தில் 1,640 என்று வந்து நின்றது. யாரும் பேசவில்லை. என் ஏழு வயது மகன்தான், "அப்பா, நாம எல்லாரும் கீழேதானே நிக்கிறோம்?" என்று கேட்டான். அந்தக் கேள்வி இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

எஞ்சியது 360 கிலோ. இரண்டு தண்ணீர்த் தொட்டிகளையும் நிரப்பினால் 160 லிட்டர், அதாவது 160 கிலோ. மிச்சமுள்ள இருநூறில் இரண்டு கேஸ் பாட்டில், நிறைந்த ஃப்ரிட்ஜ், படுக்கை, நாற்காலிகள், அடுப்பு, அரிசி மூட்டை எல்லாம் அடங்க வேண்டும். எங்கள் வீட்டுச் சமையல் பாத்திரங்களை அறிந்தவர்களுக்கு இது நடக்கிற காரியமில்லை என்பது விளங்கும்.

எர்த் வயர் (நியூகாசில்)

சுருக்கமாகச் சொல்கிறேன். வாங்கிய இடத்தில் விளக்குகள் எல்லாம் எரிந்தன; 900 கிலோமீட்டர் இழுத்து வந்து புளூ ஸ்லிப்புக்கு நிறுத்தியபோது பிரேக்கை மிதித்தால் இடப்பக்க இண்டிகேட்டர் மங்கலாகக் கண் சிமிட்டியது. பரிசோதகர் சிரித்துவிட்டார். காரையும் டிரெய்லரையும் இணைக்கும் ஏழு முனை பிளக்கில் வெள்ளை ஒயர்தான் எர்த்; அதை டிரெய்லர் சட்டத்தின் பெயின்டுக்கு மேலேயே போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறார்கள். சாலை அதிர்வில் அது தளர்ந்ததும், திரும்பிப் போக வழியில்லாத மின்சாரம் அடுத்த விளக்கு வழியாகப் புகுந்து போயிருக்கிறது. பெயின்டை உப்புத்தாளால் தேய்த்து நீக்கிவிட்டு மறுபடி இறுக்கியதில் பத்து நிமிடத்தில் சரியாயிற்று. இரவில் எத்தனை மணி நேரம் அப்படி ஓட்டி வந்தேன், பின்னால் வந்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதை இப்போதும் யோசிக்கிறேன்.

தென்கரையான் (அடிலெயிட்)

நெடுவழிக்காரன் "வழியில் ஒரு குறையும் இல்லை" என்று ஒரு வரியில் முடித்துவிட்டார். புதிய ரெயிலரை முதல் ஓட்டத்திலேயே 1,700 கிலோமீற்றர் இழுத்துக்கொண்டு வந்தவர் அப்படி எழுதக்கூடாது. அது அவருடைய அதிர்ஷ்டம்.

என்னுடைய கதை சிறியது. நானும் பிறிஸ்பேனில் இருந்துதான் கொண்டுவந்தேன். கில்கண்ட்ராவில் தேநீர் குடிக்க நிறுத்தியபோது, பழக்கத்தால் சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பில் புறங்கையை வைத்தேன். வலப்பக்கம் இளஞ்சூடு, இடப்பக்கம் கை வைக்க முடியவில்லை. திறந்து பார்த்த மெக்கானிக், பேரிங்கில் ஒரு சுண்டு விரல் அளவு கிறீஸ்கூட இல்லை என்று காட்டினார். தொழிற்சாலையில் வைக்க மறந்துவிட்டார்கள். அவ்வளவுதான்.

ஆகவே இனி வாங்கப்போகிறவர்கள் தயவுசெய்து கேளுங்கள். வாங்கிய இடத்தில் இருந்து ஐம்பது கிலோமீற்றர் ஓடியதும் ஓரமாக நிறுத்தி, வீல் நட்டுகளை, இறுக்கத்தை அளந்து காட்டும் ரோர்க் ரெஞ்ச் கொண்டு இறுக்க வேண்டும், நூறு கிலோமீற்றரில் மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டும்; புதிய பெயின்ட் நசுங்குவதால் முதல் தடவை அவை தளரத்தான் செய்யும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் எல்லா ஹப்பையும் தொட்டுப் பார்க்க வேண்டும், ஆனால் நீண்ட இறக்கத்தில் பிறேக் பிடித்து வந்த உடனேயே பார்த்துப் பயப்படக்கூடாது, ஏனென்றால் மின்பிறேக் உள்ள ஹப் அப்போது சூடாகத்தான் இருக்கும். ஒரு பக்கமும் மறுபக்கமும் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதைத்தான் கவனிக்க வேண்டும். ஆயிரம் கிலோமீற்றரில் பேரிங்கைத் திறந்து பார்ப்பது நல்லது. 750 கிலோவுக்கு மேற்பட்ட ரெயிலருக்குப் பிறேக் கட்டாயம், ஆனால் மின்பிறேக் வேலை செய்ய உங்கள் காருக்குள் கொன்ரோலர் பூட்டியிருக்க வேண்டும். ரெயிலரை எடுக்கப் போன இடத்தில்தான் இதை அறிந்து விழித்தவர்களை நான் கண்டிருக்கிறேன். ரெயிலரைக் கொளுவுகிற, காரின் பின்னாலுள்ள உருண்டையான ரோ போலில் இறங்கும் பாரம் மொத்த எடையில் ஏறக்குறையப் பத்து வீதம் இருப்பது நல்லது; தண்ணீர்த் தொட்டி அச்சுக்குப் பின்னால் இருந்தால், அதை நிரப்பியதும் இந்தக் கணக்கு மாறிவிடும், முன்பக்கம் இலேசாகி ரெயிலர் பாம்பு போல நெளியத் தொடங்கும். கூழாங்கல் சொன்ன எடைச் சிக்கலுக்கு, தகட்டை மாற்றி ஏ.ரி.எம்.மை உயர்த்தினால் போதும் என்று சிலர் சொல்லக்கூடும். கொளுவி, சங்கிலி, ரயர், அச்சு, பிறேக் எல்லாம் அந்தப் பாரத்தைத் தாங்க வேண்டும் என்பதால் அது வெறும் இலக்கத்தை மாற்றுகிற வேலை இல்லை. இன்னுமொன்று, பணம் கட்டுவதற்கு முன் வண்டியின் மேல் கடன் இருக்கிறதா என்று காட்டும் பி.பி.எஸ்.ஆர். பதிவேட்டில் இரண்டு டொலர் கொடுத்துத் தேடுங்கள். இதை ஒருவரும் எழுதவில்லை.

கூழாங்கல் (சிட்னி)

ஐயா, நான் எந்தத் தீர்வும் கேட்கவில்லை, ஆனாலும் நன்றி. பி.பி.எஸ்.ஆர். பற்றி ஒரு சொல்: பழைய வண்டியைத் தனி ஆளிடம் வாங்கும்போது அது மிக அவசியம்; கடனில் இருக்கும் வண்டி உங்கள் வாசலிலிருந்து மீட்டுப் போகப்படலாம். விற்பனையையே தொழிலாகச் செய்கிறவரிடம் சாதாரண முறையில் புதிதாக வாங்கும்போது அந்த அபாயம் குறைவு. அங்கே பயப்பட வேண்டியது முன்பணத்தைப் பற்றி. டிரெய்லர் தயாராகும் முன்பே விற்பனையாளர் கடையை மூடிவிட்டால், அவரிடமிருந்து பணம் வர வேண்டியவர்கள் வரிசையில் நாம் கடைசியில்தான் நிற்போம்.

தென்கரையான் (அடிலெயிட்)

இரண்டு டொலருக்கு இவ்வளவு வாதம் தேவையில்லை, தம்பி. 2021 ஜூலையில் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு, புதிய ரெயிலர் தேசிய அங்கீகாரப் பதிவேட்டில், அதாவது ராவ் பட்டியலில், ஏறியிருக்க வேண்டும். அதை வின் எண்ணை வைத்து இணையத்தில் யாரும் இலவசமாகத் தேடலாம். நெடுவழிக்காரன் அதைச் செய்திருந்தால் ஓ என்ற எழுத்தோடு எதுவும் கிடைத்திராது, பிறிஸ்பேனிலேயே பிழை தெரிந்திருக்கும்.

மழைக்குடில் (ஹோபார்ட்)

எல்லோரும் இரும்பைப் பற்றியே எழுதுகிறீர்கள். என்னை உறங்கவிடாதது துணி. விக்டோரியாவில் வாங்கி, ஜீலாங்கில் கப்பலேற்றி டாஸ்மேனியாவுக்குக் கொண்டுவந்தோம். கப்பலில் ஏறும் முன் கேஸ் பாட்டிலை மூடச் சொன்னார்கள், பழங்களையும் காய்கறிகளையும் வாங்கிக்கொண்டார்கள். பதிவும் அதிகச் சிரமமில்லாமல் முடிந்தது. அந்தச் சமயத்தில் தஞ்சாவூரிலிருந்து என் அம்மா வந்திருந்தார். நம்பர் பிளேட் மாட்டிய மறு வாரமே அவரை அழைத்துக்கொண்டு கிரேடில் மலைப் பக்கம் கிளம்பிவிட்டோம்.

நள்ளிரவுக்கு மேல் மழை பிடித்தது. கூரைத் துணியின் நடுவே அல்ல, தையல் ஓடும் வரி முழுவதும், ஊசி இறங்கிய ஒவ்வொரு துளையிலும் ஒரு சொட்டு திரண்டு நிற்பதைக் கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்தேன். கோத்துவைத்த மணிமாலை போல அழகாகக்கூட இருந்தது. அவற்றில் ஒன்று சரியாக அம்மாவின் நெற்றியில் விழுந்தது; அவர் விழித்துக்கொண்டு, திருநீறு இடுகிற இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார். எழுபத்திரண்டு வயது. விடியும் வரை நான் சமையல் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

விற்பனையாளர் கொடுத்த கையேட்டின் கடைசிப் பக்கங்களில் அது இருந்தது: பயணத்துக்கு முன் கேன்வாஸை விரித்துக் கட்டி, நன்றாக நனைத்து, முழுவதும் உலரவிட்டு, இதை இரண்டு மூன்று முறை செய்ய வேண்டும். தண்ணீர் பட்டதும் பருத்தி நூல் உப்பி ஊசித் துளைகளை அடைத்துக்கொள்ளும். மறுநாள் இதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "புது மண்பானையை ஊற வைக்காம உலை ஏத்துவாங்களா? இதைக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே" என்றார்.

எர்த் வயர் (நியூகாசில்)

மூன்று முறை தேவையில்லை. நான் ஒரே ஒருமுறை குழாய்த் தண்ணீர் அடித்தேன், இன்றுவரை ஒழுகவில்லை.

மழைக்குடில் (ஹோபார்ட்)

நியூகாசில் மழைக்கு அது போதும் போலிருக்கிறது. ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன்: சோப்புப் போட்டுக் கழுவிவிடாதீர்கள், ஈரத்தோடு மடித்தும் வைத்துவிடாதீர்கள். முதலாவது துணியின் நீர் தாங்கும் பூச்சைக் கெடுக்கும், இரண்டாவது ஒரே வாரத்தில் கரும்புள்ளிப் பூசணத்தைக் கொண்டுவரும்.

நெடுவழிக்காரன் (மெல்போர்ன்)

தென்கரையான் அண்ணா எழுதியதைப் படித்த பிறகு ஒரு சந்தேகம் வந்தது. ஓ என்ற எழுத்தோடு தேடினால் ராவ் பட்டியலில் எதுவும் கிடைக்காது என்றால், தற்காலிக அனுமதிச் சீட்டை மட்டும் அந்தக் கணினி எப்படிக் கொடுத்தது? கோப்பைத் தேடியெடுத்துப் பார்த்தேன். சீட்டில் பூஜ்யம் இருக்கிறது. ரசீதிலும் காப்பீட்டிலும் ஓ. அனுமதிச் சீட்டில் மட்டும் பூஜ்யம். அன்று இரவு விடுதி அறையில் உட்கார்ந்து அதைத் தட்டச்சு செய்தவன் நான்தான். கணினி ஓவை ஏற்க மறுத்து, நான் எரிச்சலில் பக்கத்து விசையைத் தட்டினேனா, அல்லது கை தானாகவே சரியாகப் போயிற்றா என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

அண்ணா, நியூவெல் வழியில் நான் ஹப்பைத் தொட்டுப் பார்க்கவில்லை என்பதும் உண்மை. நேற்று மாலை சக்கரத்தைக் கழற்றினேன். ரிம்மின் உட்புறத்தில் விசிறியடித்தது போலக் கிரீஸ் தெறித்திருக்கிறது. சனிக்கிழமை மெக்கானிக்கிடம் கொண்டு போகிறேன்.